ஒன்பதுக்கு மேல் எண்ணாது

பின்னிரவு ஒன்று நாற்பது. புந்தா அரேனாஸ்.
நண்டுத் தொழிற்சாலையின் ஓய்வறையில்
ஹீட்டர் மட்டும் முணுமுணுக்கிறது.
ஒதிலியா கையுறையைக் கழற்றுகிறாள்.
உப்புநீரில் ஊறி ஊறி ரேகை மழுங்கிய கட்டைவிரலை
யாரோ என்கிறது கைபேசி.
எண்களை அழுத்தி உள்ளே போகிறாள்,
சாவி தொலைத்தவள் சொந்த வீட்டுக்குள்
ஜன்னல் வழியாக இறங்குவதுபோல.

வியாழன் காலை பத்து மணிக்கு
இகீகேயில் ஒரு கதவு திறக்கும்.
நாலு வருடம் கழித்து எலேயுத்தேரியோ வெளியே வருவான்.
அவள் தம்பி.
இது நாட்டின் குதிகால், அது நெற்றி.
பஸ்ஸில் போய்ச் சேர்வதற்குள்
கதவு திறந்து, மூடி,
அவன் எந்தத் தெருவில் திரும்பினான் என்பதும் தெரியாமல் போகும்.

போகிற டிக்கெட் போன வாரமே எடுத்தாயிற்று. ஒன்று.
திரும்பி வரத்தான் இரண்டு.

மூன்று வாரமாக அவள் வாசிப்பது ஒரே வரி:
ஒய் ஒன்பது, பி ஒன்பது, எம் நான்கு,
கியூ ஒன்று, என் இரண்டு.
அதே இருக்கை, அதே பெல்ட்,
அதே பிளாஸ்டிக் தம்ளரில் அதே தண்ணீர்.
எழுத்து மாறினால் விலை மாறும்.
ஒய்யில் போகிறவன் எங்கள் ஒரு மாதச் சம்பளத்தின்மேல்
சாய்ந்து தூங்குவான்.

“ஒன்பது என்றால் ஒன்பது இல்லை,” என்றாள் ஒருநாள்,
நண்டின் காலை முறித்துக்கொண்டே.
“ஒன்பதும் அதற்கு மேலும். அதற்கப்புறம் அது எண்ணாது.”
நிறைய இருக்கும்போது யார்தான் எண்ணுகிறார்கள்?

இன்று பார்க்கிறாள்: என் பூஜ்ஜியம்.

மாலைவரை இரண்டு இருந்தது.
மறுபடி தேடுகிறாள். பூஜ்ஜியம்.
வேறொரு தளம். அங்கேயும்.
பிறகு வசவு தொடங்கியது.
தேனிலவுக்குப் போகும் ஜோடியாம்,
சுரங்கக் கம்பெனிக்காரனாம், தோல்பையாம்,
வந்து பறித்துக்கொண்டானாம்,
அவன் பெட்டி சாந்தியாகோவிலேயே தங்கிப்போகட்டுமாம்.
நானும் கூடச் சேர்ந்து நாலு வார்த்தை திட்டினேன்.
எனக்கும் யாரையாவது திட்ட வேண்டியிருந்தது.

சட்டென்று நிறுத்தினாள்.
“நர்சீசோவின் கம்ப்யூட்டர்.”

மேற்பார்வையாளன் சூப் வாங்கப் போன நேரத்தில்
அவன் நாற்காலியில் உட்கார்ந்து
இரண்டு இருக்கையைத் தொட்டிருக்கிறாள்,
பெயர் கேட்டதும் அப்படியே விட்டு ஓடி வந்திருக்கிறாள்.
ஜோடியும் அவள்தான், தோல்பையும் அவள்தான்.

ஓடிப்போய் அந்த ஜன்னலை மூடினேன்.
மூடினால் மட்டும் விட்டுவிடாதாம்.
பிடித்துவைத்த கெடு முடியவேண்டும்.
உட்கார்ந்தோம். தேநீர் ஆற்றினோம்.
கேட்கக்கூடாது என்று நினைத்துக் கேட்டேன்:
“வருகிறேன் என்று சொன்னானா?”
“கேட்கவில்லை.”
ஹீட்டர் முணுமுணுத்தது.
“கேட்டால் யோசிப்பான்,” என்றாள்.

இரண்டு மணி ஆறு நிமிடம்.
என் இரண்டு.

முதல் பயணி, அவள்.
இரண்டாம் பயணி: பெயர், அடையாள எண்.
எதையும் பார்க்காமல் தட்டினாள்,
எட்டு இலக்கம், ஒரு கோடு, கடைசியில் ஒரு கே.
நாலு வருடமாக ஒவ்வொரு பொட்டலத்தின்மேலும்
அதை எழுதியவள்.

சைரன் ஊதியது.
மற்றவர்கள் கையுறையை மாட்டத் தொடங்கினார்கள்.
பணம் கட்டும் பக்கத்தில்
வங்கிக்கு எண் போதாதாம், விரல் வேண்டுமாம்.
வைத்தாள். யாரோ என்றது.
துடைத்து வைத்தாள். யாரோ.
கட்டைவிரலை ஹீட்டருக்கு நேரே நீட்டி
நிற்கிறாள் இப்போது.
நர்சீசோ வாசலில் வந்து கடிகாரத்தைப் பார்க்கிறான்.
நான் எழுந்து, வேண்டுமென்றே,
என் தேநீரை அவன் காலடியில் கொட்டுகிறேன்.
விரல் காய்ந்துகொண்டிருக்கிறது.