அரைப்பேர்

பொகவந்தலாவையில் ஒரு பேக்கரியின் மேல்மாடி.
கீழே பாண் வேகும் வாசனை.
மேலே நானும் பெர்னதெத்தும்
ஒற்றைக் காதில் மட்டும் கேட்கும் ஹெட்போனை
மாறி மாறி மாட்டிக்கொண்டு.

தேர்தல் மேடைப் பேச்சுகளை எழுத்தில் இறக்கி
ஒவ்வொரு வாக்கியத்தையும் உரசிப் பார்க்க வேண்டும்.
படிவத்தில் ஐந்து கேள்விகள், நல்ல தமிழில்.
மூன்றாம் நாளே அவை எங்கள் வாய்க்கு வந்துவிட்டன:
யார் பார்த்தது?
அந்த ஆள் எதிரே நின்றாலும் இதைச் சொல்வாரா?
நுவரெலியாவில் சிங்களத்தில் சொன்னதும்
இங்கே தமிழில் சொன்னதும் ஒன்றுதானா?

புள்ளி போடச் சொல்லியிருந்தார்கள்.
இரண்டு வருசம் கொழுந்தெடுத்த கை எனக்கு,
செக்றோல் கணக்குத்தான் வந்தது:
முழுப்பேர். அரைப்பேர். பேரில்லை.

சந்தனராஜ்:
“நம்ம சனத்த அவங்க வித்துட்டாங்க.”
அவங்க என்றால் யார், எவ்வளவுக்கு, கையெழுத்து எங்கே?
அரைப்பேர் என்றேன்.
“அரை மட்டும் எதுக்குடி?”
சனம் இருக்கிறது, அது நிசம்தானே.
பெர்னதெத் சிரித்ததில் தேத்தண்ணி சிந்தியது.

அடுத்தது மருதவீரன்.
எங்கள் லயத்துக்குக் குழாய் கொண்டுவந்தவர்.
“சந்தனராஜ் கொழும்புல மூணு மாடி கட்டிட்டாரு,
எல்லாருக்கும் தெரிஞ்ச கதை.”
முழுப்பேர் எழுதி அடுத்த வரிக்குப் போய்விட்டேன்.

பெர்னதெத் பின்னுக்கு ஓட்டினாள்.
எல்லாருக்கும் தெரிஞ்ச கதை.
மறுபடியும்.
எல்லாருக்கும் தெரிஞ்ச.
“நீ பாத்தியா புள்ள?”

குழாயில தண்ணி வருதே என்றேன்.
“அது வேற வாக்கியம்.”

கொளுத்தும் வெயிலில் எடுத்த கொழுந்துக்கு
ஈரம் என்று இரண்டு கிலோ வெட்டினான் ஒரு கணக்கப்பிள்ளை.
மறுநாள் பிரட்டுக்களத்தில்
அத்தனை பேர் முன்னால் அவனைக் கேட்டவள் நான்.
இன்றைக்கு எனக்குப் பிடித்தவன் கூடையில்
இரண்டு கிலோ ஏற்றிவிட்டேன்,
யாரும் கேட்காமலே.

அடித்தேன். அரைப்பேர் என்று எழுதினேன்.
அவள் பேசவில்லை.
அதையும் அடித்தேன்.

கடைசிப் பதிவு, நோர்வூட், மழை.
தகரக் கூரையில் விழுகிற சத்தத்துக்குள்
மறுபடியும் சந்தனராஜ்:
“வித்துட்டாங்கன்னு போன கிழமை பேசினேன்.
ஆதாரம் இல்லாம பேசிட்டேன். அது பிழை.”

கைதட்டல் இல்லை.
யாரோ இருமுகிறார்கள். ஜெனரேட்டர் உறுமுகிறது.
கூட்டத்தில் ஒரு குரல், “ஏன்யா இதுக்கா கூப்புட்ட?”
அவர் அடுத்த விசயத்துக்குப் போகிறார்,
குரல் கொஞ்சம் இறங்கி.

இந்த ஆளுக்கு நான் வாக்குப் போடப்போவதில்லை.
பேனா கட்டத்துக்கு மேலேயே நிற்கிறது.
கீழே இரவுப் பாணுக்கு மாவு பிசையத் தொடங்கிவிட்டார்கள்,
பலகை அதிர்கிறது.

“எழுது” என்கிறாள் பெர்னதெத்,
ஹெட்போனைக் கழற்றாமல்.