நேரடிப் பொருத்தம்

பெட்டியின் மேல் அப்படித்தான் அச்சடித்திருந்தது.
சுண்டுவிரல் அகலம் பொருந்தவில்லை.

கிங்மேன், அரிசோனா. ஜூலை.
காலை ஏழுக்கே பானெட்டில் கை வைக்க முடியவில்லை.
மார்லிஸின் எழுபத்திரண்டாம் வருடத்து டஸ்டர்
வாயைப் பிளந்து நிற்கிறது.
பித்தளை ரேடியேட்டரைப் பிடுங்கிய இடம்
பல் போன ஈறு.
அதற்கு இந்தப் பக்கம் நான், முன்னாள் கணவன்.
அந்தப் பக்கம் அன்செல்மோ, இந்நாள்.

மூன்று கை போதுமான வேலை.
எங்களிடம் நான்கு இருந்தன.
ஒன்று எங்கே வைப்பதென்று தெரியாமல்
பேன்ட் பைக்குள் கிடந்தது.
பெரும்பாலும் என்னுடையது.

புதியதை அவன்தான் உறையிலிருந்து எடுத்தான்.
அடியில் ஒரு கை, முதுகில் ஒரு கை.
முதல் தாரத்துப் பிள்ளைகள் இரண்டு அவனுக்கு,
அந்தப் பிடியில் தெரிந்தது.
"கனமே இல்லை" என்றான்.
நான் பழையதைச் சுமந்துபோய்
சுவரோரம் சாத்திவிட்டு வந்தேன். அது கனம்.

துளையை நீளமாக்க வட்ட அரம் எடுத்தேன்.
முன்னும் பின்னும், முன்னும் பின்னும்,
வியர்த்த முழங்கையில் அலுமினியப் பொடி
மீன் செதில் போல் ஒட்டியது.
அவன் தாளை வாசித்தான்:
இரும்பில் நேராகப் படக் கூடாது,
ஈரம் சேர்ந்தால் அரித்துவிடும்,
நடுவில் ரப்பர் வை, இறுக்கி முறுக்காதே.
எனக்கோ ஸ்பேனர் கையில் வந்தால்
கடைசிக் கால் சுற்றையும் போட்டாக வேண்டும்.
போட்டேன்.
அவன் ஒன்றும் சொல்லாமல்
அதே கால் சுற்றைத் திரும்பக் கழற்றினான்.

விசிறிக்கும் புதியதற்கும் நடுவே
பெட்டியின் மூடியைக் கிழித்துச் செருகினோம்,
மெல்லிய இதழ்கள் மடங்காதிருக்க.
இரண்டு விரல் இடைவெளி. போதும் என்றேன்.
அவன் குனிந்து எஞ்சினைத் தோளால் தள்ளினான்.
எஞ்சின் ஆடியது.
விசிறியின் நுனி அட்டையில்
'நேரடி' என்ற சொல்லின் மேல்
ஒரு கோடு கிழித்தது.

"மவுண்ட் கிழிந்திருக்கிறது.
இது எத்தனை நாளாக?"

ஒன்பது வருடமாக.
பழைய ரேடியேட்டர் ஒல்லி, இடம் இருந்தது.
பிரேக் அடிக்கும்போது மட்டும்
தொண்டையைச் செருமுவது போல் ஒரு சத்தம்.
உரசாத ஒன்றை யாரிடம் போய்ச் சொல்வது?
அவள் கேட்டிருக்கிறாள், என்ன சத்தம் அது என்று.
ரோடு சரியில்லை என்றேன்.

இதில் பாதியைத்தான் அவனிடம் சொன்னேன்.

நாற்பது நிமிடம் கழித்துத் திரும்பினான்.
புதிய மவுண்ட், ஒரு பை ஐஸ்,
காகிதம் சுற்றிய இரண்டு பரிட்டோ.
என்னுடையதில் மிளகாய் இல்லை.
மிளகாய் ஆகாதென்று இவனுக்கு யார் சொன்னது?
கேட்கவில்லை. தின்றேன்.

பிறகு பச்சைத் திரவம் பாதி,
காய்ச்சி வடித்த தண்ணீர் பாதி.
மூடியைத் திறந்தே வைத்து எஞ்சினை ஓடவிட்டோம்.
உள்ளே சிக்கிய காற்று
குமிழ் குமிழாக மேலே வந்து உடைந்தது.
மேல் குழாயை இருவரும் தொட்டுப் பார்த்தபடி இருந்தோம்.
சூடில்லை.
சூடில்லை.
அவன் கை சட்டென விலகியது, பிறகு என் கை.
முள் பாதியில் ஏறி நின்றது.

மார்லிஸ் வேலைச் சீருடையில் வந்தாள்.
திங்கள் முதல் லாஃப்லினில் சீட்டாட்ட மேசை,
யூனியன் கணவாயை ஏறி இறங்கியாக வேண்டும்.
எங்களில் யார் பக்கம் நன்றி சொல்வதென்று
ஒரு நொடி யோசித்து
காரின் கூரையைத் தட்டிவிட்டுக் கிளம்பினாள்.
தெருமுனையில் பிரேக் அடித்தாள்.
சத்தம் இல்லை.
அதை நாங்கள் இருவருமே கேட்டோம்.

கார் நின்ற இடத்தில்
சிமென்டில் ஒரு ஈரப் பொட்டு.
ஒழுகுகிறதா?
அன்செல்மோ மண்டியிட்டு விரலில் தொட்டு
வெயிலில் பிடித்துப் பார்த்தான்.
பச்சை இல்லை, துரு நிறம்.

"பழையது" என்றான்.

ஆமாம், பழையதுதான் என்றேன்.
துடைக்கத் துணி தேடி உள்ளே போனான்.
நான் மலைப்பக்க வளைவைப் பார்த்து நின்றேன்.
திரும்பிப் பார்த்தபோது
பொட்டு தானே காய்ந்திருந்தது.