சனிக்கிழமைத் தாள்

நாவலுக்கு இது ஒன்பதாவது மழைக்காலம்.
தகரப்பெட்டியில், இரண்டு பிளாஸ்டிக் பைக்குள் இருக்கிறது.
கரையான் தவிர யாரும் படித்ததில்லை.
அதுவும் மூன்றாம் அத்தியாயத்தோடு நிறுத்திக்கொண்டது.

சனிக்கிழமைதோறும் தனியாக ஒரு தாள் எழுதுகிறேன்.
கரண்ட் இருந்தால் நகல் கடையில் ஆறு பிரதி.
ஒன்று, மோல்மீன் சந்தையில்
சவரிராயன் பருப்புக்கடைத் தூணில்,
சோற்றுப்பசையால் ஒட்டியிருக்கும்.
மற்ற ஐந்தும் எங்கே போகின்றன, தெரியாது.
ஒருமுறை கருவாடு மடித்து
என் வீட்டுக்கே ஒன்று வந்தது.

அந்த நேரத்தில் பெட்டியில் கிடப்பதை முடிக்கலாமே
என்கிறார் கணவர்.
மியாவடிக்கு லாரி ஓட்டுகிறவர்.
போகிற ஊர் தெரியாமல் சாவி போடமாட்டார்.

பெட்டிக்குள் ஒருத்தி நான்கு வருடமாகப்
படகேறிக்கொண்டே இருக்கிறாள்.
ஒரு கால் பலகையில்,
ஒரு கால் காற்றில்.
பாலம் வராத காலத்துப் பீலுத்தீவுப் படகு அது.
காலை ஆறு மணிக்குக் கிளம்பும் என்று
அந்தப் படகைப் பற்றி ஒரு சனிக்கிழமை எழுதினேன்.

மீன் தட்டை இறக்கிவைத்துவிட்டு
எழுத்துக்கூட்டிப் படித்தாள் மருதாயி.
ஆறாவது சொல்லில் ஒரு மூச்சு,
பத்தாவதில் ஒன்று.
பிறகு சந்தைக்கே கேட்கும்படி:
"ஆறு மணியா? எவன் சொன்னான் ஒனக்கு?
தண்ணி ஏறினாத்தானே படகு!
மணி பாத்து ஆறு ஏறுமா?"

அன்றிரவு பெட்டியைத் திறந்தேன்.
ஆறு மணியை அடித்தேன்.
தண்ணீர் ஏறும்வரை இரு என்று
அவளைக் கரையில் உட்காரவைத்தேன்.
உட்கார்ந்ததும் பேசத் தொடங்கினாள்,
பக்கத்தில் கோழிக்கூடையோடு இருந்த ஒருவனிடம்.
அவனை நான் எழுதியிருக்கவே இல்லை.
வாக்கியங்களையும் அங்கங்கே ஒடித்தேன்,
மருதாயி மூச்சு வாங்கிய அளவுக்கு.

எல்லாச் சனிக்கிழமையும் இப்படி இல்லை.
பசை காயுமுன் ஆடு தின்றிருக்கிறது.
(அந்த வாரம் எழுதியதும் சுமார்தான்.)
பலர் விலைப்பட்டியல் என்று நினைத்து வந்து
ஏமாந்து போகிறார்கள்.
என் மகன் அதைப் படிக்கமாட்டான்.
தமிழைப் பர்மிய எழுத்தில் எழுதுகிறவன்,
படித்துக் காட்டினால் மட்டும்
சாப்பிடுவதை நிறுத்திக் கேட்பான்.

கணவரிடம் என்ன சொல்வது?
பெட்டி பதில் பேசாது,
தூண் பேசும் என்றேன்.
தூணா என்றார்.
விளக்கை அணைத்துவிட்டேன்.

இந்த வாரம் ஒன்றும் தோன்றவில்லை.
பூண்டு விலை ஏறியதை எழுதியிருக்கிறேன்.
அதையும் திருத்துவாள்.