பற்று

இருபத்தோராம் நாள், விடியுமுன்னே
உமிக்கூடைக்குள் சத்தம் கேட்டது.
பதினொன்றில் இரண்டு கூமுட்டை.
ஒன்று ஓட்டைக் கொத்தி, அதோடு நின்றுவிட்டது.
மிச்சம் எட்டு.
அரிசி மில்லின் போன வருஷப் பேரேட்டை விரித்து
ஒவ்வொன்றாக இறக்கி வைத்தேன்.
ஈரம் காயுமுன் நிறம் பார்க்கக் கூடாது.
காய்ந்தபின் நிறம் பொய் சொல்லாது என்று
அன்றைக்கு நினைத்திருந்தேன்.

எனக்கு வேண்டியது ஒரே ஒரு சேவல்.
சிறுவிடை. உடம்பு செவலை, மார் கருப்பு,
கழுத்தில் களத்தில் காயும் புழுங்கல் நெல்லின் நிறம்,
மஞ்சள் கால்.
கைக்குள் அடங்க வேண்டும்,
அடங்கியபின் திமிறவும் வேண்டும்.
கண்டனூரில் ஒரு பெட்டை, பள்ளத்தூரில் ஒரு சேவல் என்று
வாங்கி, சேர்த்து, கழித்து
ஆறு வருஷமாய்க் கிட்டத்தில் வந்துகொண்டிருக்கிறேன்.

பேரேட்டின் முதல் பக்கத்தில் நானே எழுதிய சட்டம்:
குஞ்சின் முதுகில் மூன்று கோடு.
நடுக்கோடு அகலம், ஓரக்கோடு மெலிவு.
கண்ணிலிருந்து பின்னே போகும் மை அறுபடக் கூடாது.
இருந்தால் வரவு.
இல்லையென்றால் பற்று.

ஏழும் அணிற்பிள்ளைகள்.
எட்டாவது மொழுக்கென்று,
ஆறின கஞ்சியில் ஆடை படிந்த நிறம்.
திருப்பிப் பார்த்தேன். போனில் டார்ச் அடித்துப் பார்த்தேன்.
கோடு இல்லை. கோட்டின் நிழல்கூட இல்லை.
அது என் கட்டைவிரலைக் கொத்தியது.
பற்று.

எடைமேடை வைரவன் எட்டிப் பார்த்தான்.
"சிகப்பி ஆச்சி, அந்த வெள்ளையை எம் மகளுக்குக் குடுங்களேன்."
முப்பது ரூபாய் நீட்டினான்.
பத்தைத் திருப்பிக் கொடுத்தேன்,
கழிவுக்கு முழு விலை வாங்கக் கூடாது.

என்னைப் பார்க்க வந்தவர்கள் மூன்று தடவை
காப்பி ஆறுமுன்னே எழுந்து போனார்கள்.
நான் கருப்பு.
பிறந்த அன்று ரோஜாவாய் இருந்தேனாம்,
அவசரப்பட்டுப் பெயர் வைத்துவிட்டார்கள்.
இதை ஏன் இங்கே எழுதுகிறேன், தெரியவில்லை.
பக்கத்தில் இடம் இருக்கிறது.

ஏழாம் நாள் கண்ணில் சொட்டு மருந்து.
மூன்றாம் வாரம் பருந்து ஒன்றைக் கொண்டுபோயிற்று,
கோடு மிக நன்றாய் விழுந்திருந்த குஞ்சு.
மிச்சம் ஆறில் நாலு பெட்டை.
சேவல் இரண்டு:
ஒன்றுக்கு மாரெல்லாம் செம்புள்ளி,
இன்னொன்றுக்குக் கால் பாசி நிறம்.
இரண்டையும் குழம்புக்குத்தான் எழுதி வைத்தேன்.

தை பிறந்து, நெல் லாரிகள்
புதுவயல் ரோட்டை அடைத்து நின்ற காலையில்
வைரவன் கக்கத்தில் எதையோ இடுக்கிக்கொண்டு வந்தான்.
"பள்ளிக்கூடம் வரைக்கும் பின்னாலயே போகுது ஆச்சி,
டீச்சர் திட்டுறாங்க. பகலுக்கு இங்க கெடக்கட்டும்."
இறக்கிவிட்டான்.

செவலை.
மார் கருப்பு, ஒரு புள்ளி கிடையாது.
கழுத்தை உதறியபோது
நெல் களத்தில் காற்று புகுந்ததுபோல் இருந்தது.
குனிந்து காலைப் பார்த்தேன்.
"இது எந்தக் கோழி?" என்றேன், தெரிந்துகொண்டே.
"நீங்க கழிச்ச வெள்ளைதான்."

ஐயாயிரம் தருகிறேன் என்றேன்.
"எங்கிட்டக் கேக்காதீங்க" என்று சிரித்தான்.
அதற்குள் அது எடைமேடையில் ஏறி
நட்ட நடுவில் நின்று கூவிற்று.
கண்ணாடிக்கு அந்தப் பக்கம்
சிவப்பு எண்கள் அசையவில்லை.
பூஜ்யம்.
லாரிகளுக்கான மேடை அது, அதைக் குறை சொல்ல முடியாது.

சட்டத்தை அடிக்கவில்லை.
ஓரத்தில் பென்சிலால் ஒரு கேள்விக்குறி போட்டேன்.

சனிக்கிழமை என் பெட்டைகளில் நல்லது ஒன்றைக்
கூடையில் வைத்து வைரவன் வீட்டுக்குக் கொண்டுபோக வேண்டும்.
மகள் கனிஷ்கா, மூன்றாம் வகுப்பு.
சேவலோடு விட நாளைக்கு நாற்பது ரூபாய் என்கிறாள்.
கூமுட்டையாய்ப் போனால்
பணம் திரும்பத் தருவாயா என்று கேட்டிருக்கிறேன்.
யோசிக்கிறாள்.