இரண்டங்குலம் கீழே

வண்டிக்கு மூக்கைத் தூக்கி வைத்தேன்.
முன் ஸ்ப்ரிங்கின் தலையில் ஓர் இரும்புத் துண்டு,
இரண்டரை அங்குலம்.
இனிச் சேற்றில் வயிறு தட்டாது,
பனி தள்ளும் தகட்டை மாட்டினாலும் குனியாது
என்றான் கடைக்காரன்.
மற்றதை அவன் சொல்லவில்லை.
நானும் கேட்கவில்லை.

சஸ்காட்சுவானில் எங்கள் பக்கத்துச் சாலைகள்
அடிக்கோல் வைத்துக் கிழித்தவை.
எதிரே வரும் விளக்கு
ஐந்தாறு நிமிடம் முன்பே தெரிந்துவிடும்.
அது யாரென்று யோசிக்கவும்
அவரோடு மனதுக்குள் சண்டை போட்டு முடிக்கவும்
தாராளமாக நேரமுண்டு.

இரவு பதினொன்றரைக்கு அது
மரூசியா ஹால்கோ.
ஆஸ்பத்திரிச் சலவைக்கூடத்தில் வேலை முடிந்து
வீட்டுக்குப் போகிறவள்.
நான் பொட்டாஷ் சுரங்கத்துக்கு.
கடக்கும்போது ஸ்டியரிங்கிலிருந்து
இரண்டு விரலைத் தூக்குவேன்.
இருட்டில் அவளுக்குத் தெரியாது.
அவள் தூக்குகிறாளா, அதுவும் தெரியாது.
ஒன்பது வருடப் பழக்கம்.

மூக்கு தூக்கிய மறுநாள்
அவள் பிரைட் அடித்தாள்.
அடுத்த நாளும்.
நான் டிம்மில்தானே வருகிறேன்?
திருப்பி அடித்தேன்.
மூன்று வாரம்
ஒருவர் முகத்தில் ஒருவர்
வெளிச்சத்தை வாரி எறிந்துகொண்டு போனோம்,
அறுத்த கோதுமைத் தாளுக்கு நடுவே
இரண்டு பைத்தியங்கள்.

இருபத்திரண்டாம் நாள் அவள் கார்
ஓரத்தில் சாய்ந்து நின்றது,
வலது சக்கரங்கள் பள்ளத்தில்.
கதவைத் திறந்தவள் திட்டவில்லை.
"ஒரெஸ்ட், நீயா?
இத்தனை நாளும் ஏதோ லாரி என்று நினைத்தேன்."

ஞாயிறு.
தானியக் கிடங்கின் தகரச் சுவர்.
இருபத்தைந்தடி தள்ளி வண்டி.
தரை மட்டம்தானா என்று பார்க்க
பியர் புட்டியைப் படுக்கவைத்தேன், உருளவில்லை.
டயருக்குக் காற்று. பாதி டேங்க் டீசல்.
பம்பரில் ஏறிக் குதித்து
ஸ்ப்ரிங்கை அதனதன் இடத்தில் உட்காரவைத்தேன்.
விளக்கின் நடு உயரத்துக்கு ஒரு நீல டேப்,
அதற்கு இரண்டங்குலம் கீழே இன்னொன்று.
வெளிச்சத்தின் விளிம்பு
கீழ் டேப்பில் நிற்கவேண்டும்.

சீட்டில் ஓட்டுகிறவன் எடை இருக்கவேண்டுமாம்.
ஆள் வேண்டுமென்று கூப்பிட்டேன், வந்தாள்.
என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு
கோழித்தீவன மூட்டை ஒன்றைத்
தன் மடியில் ஏற்றிக்கொண்டாள்.

இருட்டியதும் விளக்கைப் போடச் சொன்னேன்.
மேல் டேப்பையும் தாண்டி நாலு விரல்.
நாலு விரல்தானே என்று
அவளிடம் சொல்லவும் சொன்னேன்.

அப்போது பெயர்ந்துவந்த டேப்பை அழுத்தப்போய்
குந்தினேன். குந்தியபடியே திரும்பினேன்.
காரில் உட்கார்ந்திருப்பவரின் உயரம்.
வெள்ளை.
வண்டி இல்லை, கிடங்கு இல்லை,
கையைக் கண்ணுக்கு நேரே பிடித்தேன்,
கையும் ஓரங்களில் கரைந்தது.
"ம்," என்றது குரல் மட்டும்.

இடது விளக்கின் ஸ்க்ரூ சொன்னபடி கேட்டது,
கால் சுற்று, இன்னொரு கால்.
வலதில் துரு.
எண்ணெய் ஊற்றி, வைது, காத்திருந்து,
மறுபடி வைது.
விளிம்பு இறங்கி டேப்பில் உட்கார்ந்தபோது
சுவரோரம் எழுந்து நின்றேன்.
வெளிச்சம் இடுப்போடு நின்றது.
அதற்கு மேலே, கண்ணாடிக்குப் பின்னால்,
மூட்டையைக் கட்டிக்கொண்டு ஒருத்தி.
ஸ்டியரிங்கிலிருந்து
இரண்டு விரல் எழுந்தது.

இப்போது சாலை கொஞ்சம் கிட்டத்தில்தான் தெரிகிறது.
சரளை. பதுங்கிய முயல்.
மானென்றால் முதலில் கால் மட்டும்.
அந்த மூன்று வாரமும்
மின்கம்பத்து உச்சியில்
ஓர் ஆந்தையைப் பார்த்துக்கொண்டே போனேன்,
தினமும் அதே கம்பம்.
இன்றைக்கு அங்கே வேகத்தைக் குறைத்தேன்.
கம்பத்தின் அடி தெரிந்தது.