என்னிடம் இருந்தது

லைட் ஸ்திரீட் நீதிமன்றத்தில்
ஏர்கோண்ட் வேலைசெய்யும் ஒரே மூலையில்
கிடக்கிறது சான்றுப்பொருள்:
ஒரு மீட்டர் தேக்கு, இரண்டு ரப்பர், ஒரு கம்பி,
விசையோரம் சிவப்பு நூலில் அட்டை.

வடிவழகன்.
பிறையில் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுகிறார்.
பாசார் மலாய் தெரியும்,
சட்ட மலாய் தெரியாது.
அந்த இடைவெளியில்தான் எனக்குச் சம்பளம்.

குற்றச்சாட்டைப் படித்தார்கள்.
முதல் சொல்லிலேயே தடுக்கிற்று எனக்கு.
துப்பாக்கி என்றால் மருந்து வேண்டும்.
ஈட்டி என்றால் எறிய ஒரு கை.
எறியுளி என்றொரு சொல் உண்டு,
கயிற்றோடு போய்ச் சுறாவின் முதுகில் இறங்கியது;
சொன்னால் அவர் என்னைத்தான் விசாரிப்பார்.
"மீன் துப்பாக்கி" என்றேன்.
தலையாட்டினார், மீன் துப்பாக்கிக்காரர்.

அடுத்தது அதைவிட மோசம்.
சுடவில்லை. மீன் ஒன்றும் இல்லை. ஐஸ் பெட்டி காலி.
அரசுத் தரப்பே ஒப்புக்கொள்கிறது.
கடல் பூங்காவின் மிதவைகளுக்கு உள்ளே
அதை உடைமையாகக் கொண்டிருந்தீரா
என்பது மட்டுமே கேள்வி.

எங்கள் வீட்டுத் தமிழில்
யாரும் எதையும் உடைமையாகக் கொள்வதில்லை.
காசு என்னிடம் இருக்கும்.
காய்ச்சல் எனக்கு இருக்கும்.
பொருள்தான் எழுவாய்,
நாங்கள் பக்கத்தில் ஒரு வேற்றுமை உருபு.

"உங்ககிட்ட இருந்துச்சா?"
"இருந்துச்சு" என்றார்,
அன்று மழை இருந்ததா என்று கேட்டதுபோல.

அதை நான் மலாயில் சொல்லி முடிப்பதற்குள்
வாக்கியத்தின் முன்னால் வந்து
நின்றுவிட்டார் வடிவழகன்.
மாஜிஸ்திரேட் பேனாவைத் திறந்தார்.

அபராதம். கட்டாவிட்டால் சிறை.
பொருள் பறிமுதல்.
மச்சானின் படகு மட்டும் தப்பித்தது.

படிக்கட்டில் என்னை நிறுத்தினார்.
"கட்டிலுக்குக் கீழ கெடந்தப்ப குத்தமில்ல.
படகுல ஏத்துனப்பவும் இல்ல.
எஞ்சின் நின்னுபோயி, நீரோட்டம் தள்ளி,
மிதவையத் தாண்டுனதும் குத்தம்.
அப்ப தண்ணிக்கு யாரும்மா சம்மன் குடுக்குறது?"

நீதிமன்றத்துக்கு வெளியே பேச
எனக்கு அனுமதியில்லை என்றேன்.
அப்படி ஒரு விதி கிடையாது.

அறைக்குத் திரும்பினால்
அது கிடந்த மேசையில் கொஞ்சம் மணல்,
என் கோப்பின் மேலும்.
பூங்கா மணலோ என்னவோ.
அதையும் அங்கிருந்து எடுத்துவரக் கூடாதாம்.
தட்டிவிட்டேன்.

ஃபெரியில் பட்டர்வொர்த் திரும்பும்போது
சில்லறை தேடிய விரலில் நெருடியது,
கைப்பையின் தையலுக்குள்.