நூற்று முப்பது பார்

ரிச்சி தெருக் கடைக்காரர் சொன்னார்:
"வீட்டுக் காருக்கு நூத்திப்பத்து பார் போதும் சார்."
நூற்று முப்பதே வேண்டும் என்றேன்.

மடிப்பாக்கத்தில் லாரித் தண்ணீர் செவ்வாய்தான்.
ஆறு வீட்டுக்கு ஒரு தொட்டி.
மேல்மாடி செல்வின் பால்கனியில் நின்று
மீட்டர் மாதிரி பார்த்துக்கொண்டிருந்தார்.

பச்சை முனை விசிறும்,
மஞ்சள் முனை கத்தி.
ஓரடி தள்ளிப் பிடிக்கச் சொன்னது தாள்.
தாளை யார் படித்தது.

சக்கர வளைவில் டிசம்பரிலிருந்து
ஒட்டிக் கிடந்த வேளச்சேரிச் சேறு போனது.
பின்கதவில் வெள்ளையும் போனது,
ஒரு ரூபாய் அகலத்துக்கு.
அடியில் இன்னொரு மஞ்சள்.

டாக்டர் ஓட்டின வண்டி, ஒரே கை என்றிருந்தான் புரோக்கர்.
எழும்பூர் ஸ்டேஷன், சீக்கிரம் என்று
எத்தனை பேர் ஏறினார்களோ இதில்.

விசையை விட்ட பிறகும்
குழாய் உதறிக்கொண்டிருந்தது.
"முடிஞ்சுதா?" என்றார் செல்வின்.
தொட்டியில் பாதி இருக்கிறது என்றேன்,
கதவுக்கு முதுகைக் கொடுத்து.